குளியலறைத் தண்ணீரைப் பார்த்துச் சாய்வைக் கண்டுபிடித்தோம்: கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் பயிற்சி ஆபீசரான கேடட்டாகச் சேர்ந்து, கேப்டனுக்கு அடுத்த சீஃப் ஆபீசராக இருந்து, இப்போது கரையில் இருக்கிறேன். உப்பு, தாது போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றுகிற பல்க் கேரியர், கன்டெய்னர் கப்பல் இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். கப்பலின் சாய்வையும் ஆட்டத்தையும் அளக்கிற மின்னணுச் சாய்வுமானியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். 2026 ஜனவரி 1 முதல் கட்டப்படுகிற 3,000 டன்னுக்கு மேற்பட்ட கன்டெய்னர் கப்பல்களுக்கும் பல்க் கேரியர்களுக்கும் அதைக் கடல் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தமான சோலாஸ் கட்டாயமாக்கிவிட்டது. இந்தியக் கொடியின் கீழ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கப்பல்களுக்கும் அதைக் கொண்டுவாருங்கள் என்பதே என் கோரிக்கை. ஏன் இதை இவ்வளவு அழுத்திக் கேட்கிறேன் என்று சொல்ல, ஒரு பயணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் செகண்ட் ஆபீசர். ஜூலை மாதம். காண்ட்லாவில் உப்பு ஏற்றிக்கொண்டு சீனாவுக்குப் புறப்பட்டோம். 190 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம் உள்ள பல்க் கேரியர். உப்பு என்றதும் ஊர் ஞாபகம் வந்து ஒரு சந்தோஷம்கூட இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று உச்சத்தில் இருந்தது. தெற்கே போகப் போக ஸ்டார்போர்டு பக்கத்திலிருந்து, அதாவது வலதுபக்கமிருந்து, அலை வந்து அடித்துக்கொண்டே இருந்தது. டெக்கில் தண்ணீர் ஏறி ஓடியது. யாரும் டெக்கில் கால் வைக்கக் கூடாது என்று கேப்டன் உத்தரவு போட்டுவிட்டார். அது சரியான உத்தரவுதான். ஆனால் அதனால் தினமும் டேங்குகளில் நாடா இறக்கி ஆழம் பார்க்கிற வேலையும் நின்றுபோனது.

கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையான பிரிட்ஜின் பின்சுவரில் ஒரு பித்தளைச் சாய்வுமானி தொங்கியது. வளைவான தகடு, டிகிரிக் கோடுகள், நடுவில் ஊசல். இரவில் வாட்ச் பார்க்கும்போது சிவப்பு டார்ச்சை அதன் மேல் அடித்துப் பார்ப்பேன். ஊசல் ஸ்டார்போர்டில் 20 வரை போகும். போர்ட்டில், அதாவது இடதுபக்கம், 16, 17. அடுத்த முறை 18, 15. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, நிற்காமல் ஓடுகிற ஒரு முள்ளைப் படிப்பது எப்படி இருக்கும் என்று கடலில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லாக் புக்கில் ‘ரோலிங் 15 முதல் 20 டிகிரி’ என்று எழுதினேன். எனக்கு முன்னால் வாட்ச் பார்த்தவரும் அதையே எழுதியிருந்தார். பின்னால் வந்தவரும் அப்படியே.

நான்காம் நாள் மினிக்காயைத் தாண்டிக்கொண்டிருந்தோம். வாட்ச் முடிந்து குளிக்கப் போனேன். தரையில் ஊற்றிய தண்ணீர் வடிகால் ஓட்டைக்கு வந்துவிட்டுப் போகும், வந்துவிட்டுப் போகும். கடைசியில் வலதுபக்க மூலையில் போய்த் தங்கிவிடும். கப்பல் ஆடினால் தண்ணீர் இரண்டு பக்கமும் போக வேண்டும். இது ஒரு பக்கமே தேங்கியது. காலையில் சமையல்காரரும் வந்து, “சார், சாம்பார் பானையில ஒரு பக்கம் விளிம்பு வரைக்கும் வருது, மறுபக்கம் வரவே மாட்டேங்குது” என்றார்.

சீஃப் ஆபீசரிடம் போய்ச் சொன்னேன். காற்றால் சாய்ந்திருக்கும் என்றார் முதலில். பிறகு அவரே எழுந்து உட்கார்ந்துவிட்டார். காற்று வருவது ஸ்டார்போர்டிலிருந்து. காற்று தள்ளியிருந்தால் கப்பல் போர்ட் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். இது காற்றை எதிர்த்துக்கொண்டு சாய்கிறது. அப்படியானால் அந்தப் பக்கம் ஏதோ எடை ஏறிக்கொண்டிருக்கிறது.

கேப்டன் கப்பலைத் திருப்பி, ஸ்டார்போர்டு டெக்கில் தண்ணீர் ஏறாதபடி நிறுத்தினார். மாலுமிகளின் தலைவரான போசனும் ஒரு மாலுமியும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய் டேங்குகளில் நாடாவை இறக்கினார்கள். டெக்குக்கு அடியில் வலதுபக்க மேல்மூலையில் இருக்கிற, காலியாக இருக்க வேண்டிய நான்காம் எண் டாப்சைட் டேங்க்கில் 400 டன்னுக்கு மேல் கடல்நீர். அந்த டேங்கின் காற்றுக் குழாயான ஏர் பைப் டெக்குக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும்; அதன் தலையில் தண்ணீர் இறங்காமல் அடைக்கிற மிதவைப் பந்து உடைந்து போயிருந்தது. ஏறுகிற ஒவ்வொரு அலையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியிருக்கிறது, நாலு நாளாக. கப்பலின் உண்மையான சாய்வு 2 டிகிரி. சின்ன எண்ணாகத் தெரியும். 32 மீட்டர் அகலக் கப்பலில் 2 டிகிரி என்றால் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் தண்ணீரில் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் இறங்க இறங்க அலை ஏறுவதும் கூடும், அலை கூடக் கூட டேங்க் நிறைவதும் கூடும். டேங்கைத் திறந்து தண்ணீரைக் கடலுக்கே விட்டோம். கப்பல் நேரானது. அன்றைக்கு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அந்த நான்கு நாளும் நாங்கள் மூன்று ஆபீசர்கள் மாறி மாறி அந்த ஊசலைப் பார்த்தோம். 20, 16 என்று அது காட்டிய வித்தியாசத்திலேயே அந்த 2 டிகிரி ஒளிந்திருந்தது. பார்த்த எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை. எனக்கு இன்றுவரை அதுதான் உறுத்துகிறது.

ஊசலின் மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. துறைமுகத்தில் கப்பல் அசையாமல் நிற்கும்போது அது சரியாகவே காட்டும். கடலில்தான் தடுமாறும். ஊசலுக்குப் புவியீர்ப்பும் தெரியும், கப்பல் பக்கவாட்டில் வீசி எறிகிற விசையும் தெரியும். இரண்டையும் பிரிக்கத் தெரியாது. பேருந்து வளைவில் திரும்பும்போது மேலே தொங்குகிற கைப்பிடிகள் சாய்கிற மாதிரிதான். பேருந்தா சாய்ந்தது? கப்பல் ஏறக்குறைய நீர்மட்டத்துப் பக்கம் இருக்கிற ஓர் அச்சைச் சுற்றி ஆடுகிறது. பிரிட்ஜ் அதற்கு வெகு உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூட வீச்சும் கூடும். அச்சுக்கு 30 மீட்டர் மேலே ஊசல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் உண்மையில் 15 டிகிரி சாய்கிறது, ஒரு முழு ஆட்டத்துக்கு 12 விநாடி எடுக்கிறது. அப்போது ஊசல் ஏறக்குறைய 26 டிகிரி காட்டும். அதே 15 டிகிரி, அதே இடம், ஆனால் ஆட்டம் மெதுவாகி 24 விநாடி ஆகிறது என்றால் 18 டிகிரி காட்டும். அதே ஊசலை அச்சுக்குக் கீழே, இன்ஜின் ரூமின் அடியில் மாட்டினால் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். லாக் புக்கில் எழுதுகிற எண் எதைச் சொல்கிறது என்பது கப்பலுக்குக் கப்பல், இடத்துக்கு இடம் மாறுகிறது.

என் தாய்மாமா தூத்துக்குடித் தோணியில் தண்டலாக, அதாவது தலைவராக, இருந்தவர். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் கொண்டுபோவார்கள். தோணி ஒரு பக்கம் கனத்தால் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். தண்ணீருக்குப் பக்கத்திலேயே நிற்கிறவர், தோணியின் அசைவு காலுக்கு நேராக வருகிறது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பத்து மாடி உயரத்தில், ஏசி போட்ட கண்ணாடி அறையில் நிற்கிற கால் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏமாறும். அந்த உயரத்தில் காலை நம்ப முடியாது, ஊசலையும் நம்ப முடியாது.

மின்னணுச் சாய்வுமானி இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. அதற்குள் முடுக்கத்தை அளக்கிற உணரியும், சுழற்சி வேகத்தை அளக்கிற கைரோ உணரியும் இருக்கின்றன. முடுக்க உணரி, ஊசலைப் போலவே, பக்கவாட்டு வீச்சில் ஏமாறும். கைரோ ஏமாறாது, ஆனால் நேரம் போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாக வழி தவறும். ஒன்றின் குறையை மற்றொன்றைக் கொண்டு திருத்திக் கணக்குப் போட்டு உண்மையான கோணத்தைத் தருகிறார்கள். நம் செல்போன் திரை, போனைத் திருப்பினால் தானும் திரும்புகிறதே, அதற்குள் இருப்பதும் இதே குடும்பத்து உணரிதான். கப்பல் கருவி அதைவிடப் பல மடங்கு உறுதியானது, சோதித்துச் சான்று பெற்றது.

என்ன தரத்தில் இருக்க வேண்டும் என்று ஐ.நா.வின் கடல்சார் அமைப்பான ஐ.எம்.ஓ. 2013 ஜூனிலேயே தன் கடல் பாதுகாப்புக் குழுவின் (எம்.எஸ்.சி.) 363(92) தீர்மானத்தில் எழுதிவிட்டது. இரண்டு பக்கமும் 90 டிகிரி வரை அளக்க வேண்டும். ஆட்டத்தின் காலத்தை 4 விநாடியிலிருந்து 40 விநாடி வரை சொல்ல வேண்டும். பிழை 1 டிகிரிக்குள், அல்லது அளவின் 5 சதவீதத்துக்குள். புவியீர்ப்பில் 0.8 பங்கு அளவுக்குப் பக்கவாட்டில் வீசினாலும் கணக்கு குழம்பக் கூடாது. போர்ட் உச்சம், ஸ்டார்போர்டு உச்சம் இரண்டையும் தனித்தனியே காட்ட வேண்டும். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது அந்தக் குளியலறைத் தண்ணீர்தான் என் நினைவுக்கு வந்தது. போர்ட் 12, ஸ்டார்போர்டு 16 என்று இரண்டு எண்கள் திரையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தால், முதல் நாளோ இரண்டாம் நாளோ யாராவது ஒருவர் ‘ஏன் இது?’ என்று கேட்டிருப்போம்.

அந்தத் தரம் எப்படி வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்த கதைதான். 2008 செப்டம்பர் 24 அதிகாலை. ஹகுபிட் சூறாவளி வருகிறது என்று ஹாங்காங்கிலிருந்து வெளியேறிய சிகாகோ எக்ஸ்பிரஸ் என்ற பெரிய கன்டெய்னர் கப்பல், குறைந்த சரக்கோடு கடலில் இருந்தது. அடியில் கனமாக, மிக விறைப்பாக, அதாவது சாய்ந்தால் வெடுக்கென்று நிமிர்வதாக இருந்த கப்பல். அடித்த அலையில் 44 டிகிரி வரை சாய்ந்ததாக பிரிட்ஜில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பிரிட்ஜில் நின்றிருந்த பிலிப்பைன்ஸ் மாலுமி ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்தார். கேப்டனுக்குப் பலத்த காயம். அடுத்த ஆண்டு செப்டம்பரில், அதே ஹாங்காங் கடற்பகுதியில், கொப்பு சூறாவளியில் சி.சி.என்.ஐ. குவாயாஸ் என்ற கப்பலிலும் ஒருவர் இறந்தார். இரண்டையும் விசாரித்தது ஜெர்மனியின் கடல் விபத்து விசாரணை அமைப்பு. கப்பல் உண்மையில் எவ்வளவு சாய்ந்தது என்று சொல்லக் கப்பலின் கறுப்புப் பெட்டியான வி.டி.ஆரிலேயே பதிவு இல்லாவிட்டால் எதை வைத்து விசாரிப்பது? ஊசல் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. 2014 ஜூலை 1-க்குப் பின் பொருத்தப்படுகிற வி.டி.ஆர்.கள், கப்பலில் மின்னணுச் சாய்வுமானி இருந்தால் அதன் அளவையும் பதிய வேண்டும் என்று ஆனது. ‘இருந்தால்’ என்ற அந்த ஒரு சொல்லோடு ஒன்பது வருடம் கழிந்தது. 2023-ல் எம்.எஸ்.சி. 107-வது கூட்டத்தில்தான் கட்டாயம் என்று முடிவானது, அதுவும் புதுக் கப்பல்களுக்கு மட்டும்.

சாய்வு மட்டும் இல்லை. எனக்குச் சாய்வைவிட ஆட்டத்தின் காலம்தான் பெரிய விஷயம். ஒரு கப்பல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர எத்தனை விநாடி எடுக்கிறது என்பதிலேயே அதன் நிலைத்தன்மை இருக்கிறது. அந்த நிலைத்தன்மைக்குத்தான் நாங்கள் ஜி.எம். என்று சொல்கிற அளவு. அது குறைந்தால் ஆட்டம் மெதுவாகும், கவிழும் ஆபத்து கூடும். தோராயக் கணக்கு எல்லா மாலுமிக்கும் தெரியும்: அகலத்தை 0.8-ஆல் பெருக்கி, ஜி.எம்.மின் வர்க்கமூலத்தால் வகுத்தால் விநாடி வரும். 32 மீட்டர் அகலக் கப்பலுக்கு ஜி.எம். 4 மீட்டர் என்றால் 13 விநாடி. 1 மீட்டர் என்றால் 26 விநாடி. நேற்று 13 விநாடியில் ஆடிய கப்பல் இன்று 17 விநாடியில் ஆடுகிறது என்றால், மெத்தென்று சுகமாக இருக்கிறதே என்று தூங்கப் போகக் கூடாது. எங்கோ டேங்க் பாதி நிறைந்து தண்ணீர் அலைகிறது, அல்லது சரக்கு சகதியாகிறது.

சரக்கு சகதியாவது நம் நாட்டுக்குப் புதிதில்லை. 2009-ல் மழைக்காலத்தில் இரண்டு மாத இடைவெளியில் இரண்டு கப்பல்கள் போயின. மங்களூருக்கு வெளியே ஏஷியன் ஃபாரஸ்ட், பாராதீப்புக்கு வெளியே பிளாக் ரோஸ். இரண்டிலும் இரும்புத்தாதுத் தூள். ஈரத் தாது கடல் ஆட்டத்தில் குழைந்து, திரவம் போல ஒரு பக்கம் சரிந்து, கப்பலைச் சாய்த்தது. 2015 ஜனவரி 2-ல் வியட்நாம் கடலில் பாக்சைட் ஏற்றிய பல்க் ஜூபிடர் மூழ்கியபோது 19 பேரில் ஒருவர்தான் தப்பினார். சரக்குச் சகதியானால் கப்பலைத் திருப்பிக் கரைக்குப் போகக் கிடைக்கிற நேரம் மிகக் கொஞ்சம். மாறுதலை ஒரு மணி நேரம் முன்னால் சொல்லக்கூடிய கருவி எதுவாக இருந்தாலும் அதற்காகப் போராடத் தகும்.

இன்னொன்று. சரக்கின் எடையைக் கொண்டு நிலைத்தன்மையைக் கணக்கிடுகிற லோடிங் கம்ப்யூட்டர் இருக்கிறதே, அது ஜி.எம். சொல்லுமே என்று சொல்வார்கள். சொல்லும். நாம் எதை உள்ளே தட்டினோமோ அதற்குச் சொல்லும். 2019 செப்டம்பரில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துக் கரையோரம் 4,000-க்கு மேற்பட்ட கார்களோடு கோல்டன் ரே என்ற கப்பல் புறப்பட்ட கொஞ்ச நேரத்திலேயே ஒரு திருப்பத்தில் கவிழ்ந்தது. கப்பல் நிலைத்து நிற்க டேங்குகளில் ஏற்றுகிற தண்ணீரான பாலாஸ்டின் அளவை அதன் சீஃப் ஆபீசர் நிலைத்தன்மைக் கணினியில் தவறாகப் பதிந்ததே காரணம் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு சொன்னது. அந்தச் சீஃப் ஆபீசரின் இடத்தில் என்னையே நிறுத்திப் பார்க்கிறேன். தூக்கமில்லாத துறைமுக நாட்களில் நானும் எண்களைத் தட்டியிருக்கிறேன். கணினியின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க, கப்பலே தன் அசைவால் தருகிற இன்னொரு எண் வேண்டும். கார் கப்பல்களுக்கும், வாகனங்களை ஓட்டியே ஏற்றி இறக்குகிற மற்ற ரோ-ரோ கப்பல்களுக்கும் இந்தப் புதுச் சட்டம் பொருந்தவில்லை என்பது எனக்கு வருத்தமே.

கன்டெய்னர் கப்பல்களுக்கு வேறு ஒரு ஆபத்து. அலை முன்னாலிருந்து வரும்போதே, பக்கவாட்டில் எதுவும் அடிக்காமலேயே, நாலைந்து அலைக்குள் திடீரென்று பெரிதாக ஆடத் தொடங்கும். பாராமெட்ரிக் ரோலிங் என்பார்கள். 1998 அக்டோபரில் வட பசிபிக்கில் ஏ.பி.எல். சைனா அப்படி ஆடி நூற்றுக்கணக்கான கன்டெய்னர்களை இழந்தது. அலை வந்து சந்திக்கிற காலம் கப்பலின் இயல்பான ஆட்டக் காலத்தில் ஏறக்குறைய பாதியாக இருக்கும்போது இது நடக்கிறது. ஐ.எம்.ஓ. 2007-ல் கேப்டன்களுக்கு வெளியிட்ட 1228-ம் எண் சுற்றறிக்கையும் இதைத்தான் விளக்குகிறது; வேகத்தை மாற்று, திசையை மாற்று என்கிறது. ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவதே கப்பலின் ஆட்டக் காலம் என்ன என்ற கேள்வியில். அதைத் தெரிந்துகொள்ள இன்றும் நம் ஆபீசர்கள் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருட்டில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். 2025 மே 24. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் போன எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கன்டெய்னர் கப்பல் (இங்கே எம்.எஸ்.சி. என்பது கப்பல் நிறுவனத்தின் பெயர்) கொச்சிக்கு வெளியே 26 டிகிரி சாய்ந்தது. மறுநாள் காலையில் மூழ்கியது. 24 பேரையும் கடலோரக் காவல்படையும் கடற்படையும் காப்பாற்றின. அதற்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. ஆனால் 640 கன்டெய்னர்கள் போயின. பிளாஸ்டிக் குருணை வெள்ளை வெள்ளையாகக் கேரளக் கரையில் ஒதுங்கியது. கன்னியாகுமரிக் கரைக்கும் தனுஷ்கோடிக்கும் வந்தது. குமரிக் கரையில் ஒரு நாள் நானும் போய் நின்றேன். மாவு சலிக்கிற சல்லடை போல ஒன்றை வைத்துக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் மணலைச் சலித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கைப்பிடி மணலை அள்ளினேன். எட்டு, பத்து மணிகள் இருந்தன, பருப்பளவு. விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, “இத மீன் தின்னா நாம என்னத்தத் திங்க?” என்றார்.

அந்தக் கப்பல் ஏன் சாய்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான். அது 1997-ல் கட்டிய கப்பல். 2026-க்குப் பின் கட்டுகிற கப்பலுக்கு மட்டும் என்கிற சட்டம் அதை என்றைக்கும் தொட்டிருக்காது. நம் கரையோரம் துறைமுகத்துக்குத் துறைமுகம் ஓடுகிற ஃபீடர் கப்பல்களிலும், நிலக்கரியும் உப்பும் தாதுவும் ஏற்றுகிற பல்க் கேரியர்களிலும் எத்தனையோ பழைய கப்பல்கள். ஏர் பைப் மிதவை உடைவது பழைய கப்பலில். வால்வு கசிவது பழைய கப்பலில். டேங்க் அளவுகாட்டி வேலை செய்யாமல் கிடப்பது பழைய கப்பலில். சாய்வுமானி மிகவும் தேவைப்படுகிற இடத்தை விட்டுவிட்டுப் புதுக் கப்பலில் மட்டும் வைக்கிறோம். அதே 2026 ஜனவரி 1 முதல் கன்டெய்னர் கடலில் விழுந்தால் உடனே அறிவிக்க வேண்டும் என்பதும் கட்டாயமாகியிருக்கிறது. நல்ல சட்டம். விழுந்ததைச் சொல்லச் சட்டம் இருக்கும்போது, விழுவதற்கு முன்னால் கப்பல் எப்படி ஆடியது என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வழி வேண்டாமா?

வெளிநாட்டுக் கொடிக் கப்பலுக்குச் சோலாஸைத் தாண்டி நீங்கள் எதையும் கட்டாயப்படுத்த முடியாது என்று தெரியும். இந்தியக் கொடிக்கு முடியும். 1958 சட்டத்தை மாற்றி 2025-ல் புதிய வணிகக் கப்பல் சட்டம் கொண்டுவந்திருக்கிறோம். அதன் கீழ் விதிகள் எழுதப்படுகிற காலம் இது. 3,000 டன்னுக்கு மேற்பட்ட இந்தியக் கன்டெய்னர் கப்பல்களும் பல்க் கேரியர்களும் பழுதுபார்க்கத் தண்ணீரிலிருந்து வெளியே எடுக்கிற அடுத்த டிரை டாக்கின்போது மின்னணுச் சாய்வுமானி பொருத்த வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். கார் கப்பல்களையும், கரையோரம் ஓடுகிற சிறிய சரக்குக் கப்பல்களையும் அடுத்த கட்டத்தில் சேருங்கள். ஐ.எம்.ஓ. கவுன்சிலில் நமக்கு இடம் இருக்கிறது. எல்சா 3-க்குப் பிறகு ஓடுகிற கப்பல்களைப் பற்றிப் பேச நம்மைவிட நியாயம் உள்ள நாடு எது?

உரிமையாளர்கள் இரண்டு மறுப்பு சொல்வார்கள். பழைய வி.டி.ஆரோடு இது சேராது என்பது ஒன்று. சேரவில்லை என்றால் தனியாகப் பதிகிற கருவியைப் பொருத்தலாம். சோலாஸே மின்னணுச் சாய்வுமானி ‘அல்லது வேறு வழி’ என்றுதான் எழுதியிருக்கிறது. ஆட்டத்தை அளக்க வேண்டும், காட்ட வேண்டும், பதிய வேண்டும், அவ்வளவுதான். செலவு என்பது இன்னொன்று. ஒரு கப்பல் ஒரு நாளைக்கு எரிக்கிற எண்ணெயின் விலையை அவர்கள் அறிவார்கள். அதன் பக்கத்தில் இந்தச் செலவை வைத்துப் பார்க்கட்டும்.

ஆபீசர்கள் தரப்பிலும் ஒரு தயக்கம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எல்லாம் பதிவானால் நாளைக்கு அதையே காட்டி எங்களைக் குற்றவாளி ஆக்குவார்கள் என்று என் நண்பர்கள் சிலரே சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஒரு கேப்டன் எதையும் தவறாகச் செய்யாமலே சிறையில் இருந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் பதிவு இல்லாதபோதும் பழி எங்கள் மேல்தான் விழுகிறது; அப்போது எங்கள் பக்கம் பேச ஒரு எண்கூட இருக்காது. 20 டிகிரி ஆடினோம், அதனால் வேகத்தைக் குறைத்தோம், அதனால் ஒரு நாள் தாமதம் என்று கம்பெனிக்குச் சொல்லும்போது பதிவு கையில் இருந்தால் குரல் நடுங்காது. இந்தப் பதிவு விசாரணைக்காக, தண்டனைக்காக அல்ல என்பதையும் உங்கள் சுற்றறிக்கையில் தெளிவாக எழுதுங்கள்.

கருவியை மாட்டிவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கே மாட்டியது என்று கப்பல் ஆவணத்தில் இருக்க வேண்டும். துறைமுகத்தில் நிற்கும்போது இரண்டு பக்க டிராஃப்டையும் (கப்பல் தண்ணீரில் இறங்கியிருக்கிற ஆழம்) படித்து அதோடு ஒப்பிட்டுப் பூஜ்யத்தைச் சரிபார்க்க வேண்டும். 32 மீட்டர் கப்பலில் 56 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் 1 டிகிரி காட்ட வேண்டும், எந்தக் கேடட்டும் செய்துவிடக்கூடிய வேலை. அப்புறம், படிப்பு. ஆபீசர் சான்றிதழுக்காக எம்.எம்.டி. என்கிற வணிகக் கடல்துறை நடத்துகிற வாய்மொழித் தேர்வில் ஜி.எம். சூத்திரத்தை ஒப்பிக்கச் சொல்கிறோம். ஒரு திரையின் படத்தைக் காட்டி, போர்ட் 9, ஸ்டார்போர்டு 13, காலம் நேற்று 12, இன்று 15, காற்று ஸ்டார்போர்டிலிருந்து, நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள். நான்கு நாள் நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அது.

என் பழைய கப்பலின் அந்த உடைந்த மிதவைப் பந்தைப் போசன் என்னிடம் கொடுத்தார். வீட்டில் வைத்திருக்கிறேன். இரண்டாகப் பிளந்த பிளாஸ்டிக் பந்து, தேங்காய் மூடியளவு. நேரில் வந்து பேச அழைத்தால் மும்பைக்கு வரும்போது அதையும் எடுத்துவருகிறேன்.

மரியாதையுடன்,
ஒரு முன்னாள் சீஃப் ஆபீசர்
தூத்துக்குடி